ஐந்தில் வைத்தும் ஒரு ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கிறது: தெர்மோஸ்டாட் வால்வுகளைப் பற்றி ஒரு வினா

வினா: லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வீட்டைச் சூடாக்கும் வழக்கமே இருந்ததில்லை. அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்திலும் ஒரு கம்பளிச் சட்டை போதும். ஜோகன்னஸ்பர்கில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டிலோ, எரிவாயு பாய்லரிலிருந்து வெந்நீர் சுற்றிவரும் ஒன்பது ரேடியேட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு உள்ளது.

என் தாயார் படுக்கும் அறையில் வால்வை 5இல் வைத்தாலும் ரேடியேட்டர் சூடேறுவதே இல்லை. தரையிலிருந்து வால்வு வரை வரும் குழாய் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது. வால்வைத் தாண்டியதும் எல்லாம் குளிர்ந்திருக்கிறது. படிப்பறையில் இதற்கு நேர்மாறாக, 1இல் வைத்தாலும் கொதிக்கிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் சுவர் தெர்மோஸ்டாட்டை 20 பாகையில் வைத்திருக்கிறேன். ஆனால் பாய்லர் நிற்பதே இல்லை. பார்க்க வந்த பிளம்பர் ஒன்பது வால்வுகளையும் மாற்றிவிடச் சொன்னார். அது பெரிய செலவு. அம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டதால், இந்தக் குளிர்காலத்தில் அவர் அறையையாவது உடனே சரிசெய்ய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, ஒன்பதையும் மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. வெந்நீர்க் குழாய் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பழுது எங்கே என்பதைக் காட்டிவிடுகின்றன.

முதலில் இந்த வால்வைத் தண்ணீர்க் குழாயின் திருகைப் போல நினைப்பதை விட்டுவிட வேண்டும். 5இல் வைத்தால் ரேடியேட்டர் விரைவாகச் சூடேறும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண் ரேடியேட்டரின் சூட்டைக் குறிப்பதே இல்லை. அறைக் காற்று எந்த வெப்பநிலையை எட்டியதும் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதையே குறிக்கிறது. பெரும்பாலான வால்வுகளில் 3 என்பது ஏறத்தாழ 20 பாகை. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று நான்கு பாகை கூடும், குறையும். பனிப்பூ வடிவக் குறி ஏறத்தாழ 7 பாகை. ஆளில்லாத வீட்டில் குழாய்கள் உறைந்துவிடாமல் காப்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். டென்மார்க்கில் டான்ஃபோஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளவுசன் 1943இல் உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை: கையால் திருப்பும் தலைக்குள் மெழுகோ திரவமோ வாயுவோ அடைத்த ஒரு சிமிழ் இருக்கிறது. அறை சூடாகும்போது அது விரிந்து, கீழே வால்வுக்குள் இருக்கும் ‘பின்’ என்னும் சிறு உலோகக் கம்பியை அழுத்தித் தண்ணீரை அடைக்கிறது. அறை குளிர்ந்தால் சிமிழ் சுருங்க, ஸ்பிரிங் பின்னை மேலே தள்ளி வழியைத் திறக்கிறது. மின்சாரம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

உங்கள் தாயார் அறையில் அந்தப் பின் கீழேயே இறுகிக்கொண்டிருக்க வேண்டும். இது நம் ஊர்ச் சூழலில் எளிதில் வரக்கூடிய கோளாறு. ஐரோப்பாவில் ஆண்டின் பாதிக்கும் மேல் ஓடும் அமைப்பு இங்கே மூன்று நான்கு மாதங்கள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. அந்த ஓய்வில் ரப்பர் அடைப்பு ஒட்டிக்கொள்ளும், பின்னைச் சுற்றி உப்புப் படியும்.

பாய்லரை நிறுத்திக் குழாய்கள் ஆறிய பிறகு, தலையை 5க்குத் திருப்பிவிட்டு, அதன் அடியிலுள்ள வளையத்தைக் கழற்றித் தலையை எடுங்கள். இதனால் தண்ணீர் கொட்டாது. நடுவில் அந்தப் பின் சில மில்லிமீட்டர் நீளத்துக்குத் தெரியும். அதைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழ வேண்டும். எழவில்லையென்றால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, ஒரு துளி சிலிக்கோன் ஸ்பிரே அடித்து, சிறிது சிறிதாக அழுத்தி அழுத்தி விடுங்கள். பிளையரால் பிடித்து இழுக்கவே கூடாது. பின் கையோடு வந்துவிட்டால் அமைப்பிலுள்ள தண்ணீர் ஒன்று, ஒன்றரை பார் அழுத்தத்தில் அறைக்குள் பீய்ச்சும்.

பின் நன்றாக அசைந்தும் ரேடியேட்டர் சூடேறவில்லை என்றால், மறுமுனையில் மூடி போட்ட லாக்ஷீல்டு வால்வை யாராவது மூடிவிட்டார்களா என்று பாருங்கள். அதைத் திறக்கும்போது எத்தனை சுற்று என்பதை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது ரேடியேட்டர்களுக்கும் தண்ணீரைப் பங்கிடுவது அந்த வால்வுதான்.

பதில்: பிரிட்டோரியா

ஐயா சொன்னது முழுவதும் சரி. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டு வந்தவள் என்பதால், கூடத்தைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன், அண்ணா. சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் ரேடியேட்டரிலும் தெர்மோஸ்டாட் தலை இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கூடம் 18 பாகையை எட்டியதுமே தலை தண்ணீரை அடைத்துவிடுகிறது என்று வையுங்கள். சுவரில் இருப்பதோ 20 வரவில்லை என்று பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும். கூடத்துத் தலையை 5இல் வைத்துவிடுங்கள், அல்லது கழற்றியே வைத்துவிடுங்கள். எல்லா வால்வுகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் பம்பு அடைபட்ட குழாயை எதிர்த்துச் சுழலும். கூடத்து ரேடியேட்டர் திறந்திருந்தால் அந்தத் தொல்லையும் இராது.

இன்னொன்று: பிரிட்டனிலிருந்து வரும் குறிப்புகள் தெற்கு பார்த்த அறைகளில் வெயில் வரும் என்று எழுதியிருக்கும். நமக்கு அது தலைகீழ். ஜோகன்னஸ்பர்கில் குளிர்காலப் பகல்வெயில் வடக்கு பார்த்த அறைகளில்தான் விழுகிறது. தெற்கு அறைகள் நாள் முழுதும் நிழலில் கிடக்கும். வடக்கு அறையின் தலை நண்பகலில் தானாகவே மூடிக்கொண்டால் அது பழுது இல்லை. அந்த வெந்நீர் தெற்கு அறைக்குப் போகட்டும் என்பதற்காகத்தான் இந்த வால்வே இருக்கிறது. அம்மாவின் அறை எந்தப் பக்கம்? தலையை மூடியபடி தடித்த திரைச்சீலை தொங்குகிறதா என்றும் பாருங்கள். திரைக்குப் பின்னால் தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று எண்ணி வால்வு முன்னதாகவே மூடிவிடும்.

எங்கள் வீட்டில் இறுகிய பின்னுக்குச் சமையல் எண்ணெய் ஒரு துளி விட்டேன், அதுவும் வேலை செய்தது.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அம்மா, எண்ணெய் மட்டும் வேண்டாம். இந்த வால்வுகளில் ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. எந்திர எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் உப்பிவிடும், சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும். சிலிக்கோன்தான் நல்லது.

படிப்பறையை மறந்துவிட்டோம். தலையைக் கழற்றிவிட்டு, புதிய வால்வுகளோடு வரும் பிளாஸ்டிக் மூடி ஏதேனும் வீட்டில் கிடந்தால் அதைத் திருகிப் பின்னைக் கீழே இறக்கிப் பாருங்கள். ரேடியேட்டர் குளிர்ந்தால் வால்வு நலமாக இருக்கிறது, தலைக்குள் இருக்கும் சிமிழ் கசிந்துவிட்டது என்று பொருள். கசிந்த சிமிழுக்குப் பின்னை அழுத்தும் வலு இராது. தலையை மட்டும் வாங்கினால் போதும். பல நிறுவனங்களின் தலைகள் எம் 30 × 1.5 என்னும் மரை அளவில் வருகின்றன, ஆனால் எல்லாமே அப்படி இல்லை என்பதால் பழையதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பராமரிப்புக்கு: செப்டம்பரில் பாய்லரை நிறுத்தும்போது எல்லாத் தலைகளையும் 5இல் வைத்துவிடுங்கள். அப்போது பின் மேலேயே நிற்கும், ரப்பர் அடைப்பு அது அமரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளாது. கோடையில் மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் கடைசிவரை மூடித் திறங்கள்.

வினாவைக் கேட்டவர்: லெனேசியா

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவின் அறை தெற்கு பார்த்ததுதான். திரையும் தலையை மூடித்தான் தொங்கியது. வால்வின் பின் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. கால் மணி நேரம் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டபோது ஒரு சிறு ஒலியோடு எழுந்தது. பாய்லரை ஓட்டிய சற்று நேரத்தில் ரேடியேட்டர் அடிவரை சூடேறியது. திரையைச் சன்னல் விளிம்போடு வெட்டித் தைத்துவிட்டோம், தலையை 3இல் வைத்திருக்கிறேன். கூடத்தில் தலையை எடுத்த பிறகு நேற்றிரவு பாய்லர் முதன்முறையாகத் தானே நின்றது. படிப்பறைத் தலையைக் கழற்றிக் காரில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.