காணோமா, தொலைஞ்சதா, இழந்ததா?

பெருந்துறை டிடிபி:
ஏனுங்க, கிரயப் பத்திரம் தொலைஞ்சவங்களுக்கு ஸ்டேஷன் மனு அடிச்சுத் தரணும். 'காணோம்', 'தொலைந்துவிட்டது', 'இழந்துவிட்டேன்' மூணையும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களா?

நொய்யல்கரை:
ஒண்ணில்லீங்க. உருபைப் பாருங்க, பிடிபட்டுடும். 'பத்திரத்தைக் காணோம்'ல 'ஐ' வருது. 'காணோம்'னா 'நாங்கள் காணவில்லை'தான். தன்மைப் பன்மை எதிர்மறை அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. பொருள் எங்கியோ இருக்கலாம், கண்ணுக்குத் தட்டுப்படலை. 'பத்திரம் தொலைஞ்சுபோச்சு'ல எழுவாயே பத்திரம்தான், தேடி ஓஞ்சாச்சு. 'தொலைச்சுட்டேன்'னா பழி சொல்றவன் தலையில. ஒரே மூக்குக்கண்ணாடி காலைல 'காணோம்', சாயங்காலம் 'தொலைஞ்சுபோச்சு', வீட்டுக்காரம்மா வாயில 'தொலைச்சுட்டீங்களா?'

மனு எழுத்தர்:
மனுவுல 'இழந்துவிட்டேன்' வேண்டவே வேண்டாம், சொத்தே கைவிட்டுப் போன மாதிரி தொனிக்கும். வெறும் சந்தேகத்துல 'திருடு போனது'ன்னு போட்டா அது வேற வழக்கு. 'இன்ன தேதியில், இன்ன ஊருக்குச் செல்லும் வழியில் தவறிவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை' போதும். (காணாமப் போன ஆளுக்கு இதைப் போட்டுடாதீங்க. 'அப்பா தவறிவிட்டார்'னா செத்துட்டார்னு ஆயிரும், அங்கே 'காணவில்லை'தான்.)

கூடவே பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், விஸ்தீரணம், 'எங்கும் அடமானம் வைக்கவில்லை'ங்கற வரி. பலரும் ஆண்டை விட்டுடறாங்க. எண் வருசா வருசம் 1-ல இருந்து தொடங்கும், வெறும் எண்ணை வெச்சு நகல் தேட முடியாது. எண்ணே தெரியலைன்னா வில்லங்கம் போட்டுப் பாருங்க, அதுல இருக்கும்.

சீனாபுரத்தான்:
'கெடு'வை விட்டுட்டீங்களே! இன்னிக்குப் பால்தான் கெட்டுப்போகுது. பழைய வழக்குல காணாமப் போறதும் கெடுதல்தான். இலக்கணத்துல இன்னும் அப்படியே இருக்கு: மரம் + வேர் = மரவேர், 'ம்' கெட்டது. நன்னூல் செஞ்ச பவணந்தியை எங்கூர்க்காரர்னு சொல்றாங்க, அதனால இதுல கொஞ்சம் உரிமை எடுத்துக்கறேன். 'இழ'வுல இருந்துதான் இழவு வீடும். ஆனா 'வந்து தொலை'ல எதுவும் தொலையறதில்லை, எரிச்சல் மட்டுந்தான்.

பெருந்துறை டிடிபி:
அப்ப பட்டியில இருந்து ஆடு போனா?

நொய்யல்கரை:
'ஆட்டைக் காணோமுங்க.' ரெண்டு நாள் காடு மேடெல்லாம் தேடாம, தொலைஞ்சுபோச்சுன்னு எவனும் சொல்ல மாட்டான்.