பராக்கோட்டம்: ரக்பிக்கு ஒரு கலைச்சொல்

அன்பின் ஐயா, வணக்கம்.

பந்து கையில் இல்லாமலே பந்து வரப்போவதுபோல ஓடி, தடுப்பாளரைத் தன் பக்கம் இழுக்கும் ரக்பி ஆட்டக்காரரின் ஓட்டத்துக்கு 'மறைப்போட்டம்' என்று முன்மொழிந்திருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. விதி இடம் கொடுக்கவில்லை என்பதே காரணம்.

ரக்பியில் பந்துக்கு முன்னால் இருக்கும் ஆட்டக்காரர் தடுப்பாளரின் வழியை மறைத்தால் அது குற்றம். எதிரணிக்குப் பெனால்டி கிடைக்கும். நாம் பெயர் தேடும் இந்த ஓட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் பந்து கைமாறும் கணத்திலேயே அவர் பந்துக்கு முன்னால் இருப்பவராகிவிடுகிறார். அதன்பின் தடுப்பாளரை அவர் இடித்து நிறுத்தினால் நடுவர் ஊதிவிடுவார். ஆகவே அவர் ஆளின்மேல் மோதாமல் இரு தடுப்பாளர்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை நோக்கி ஓடவேண்டும். இழுக்கலாம், மறைக்கக் கூடாது. செய்யக்கூடாத செயலையே பெயராகச் சூட்டினால் அந்தச் சொல்லே தவறான பாடம் சொல்லும்.

இந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று நம் கலைச்சொற் குழுவில் சிலர் கேட்டிருந்தார்கள். இன்றைய சர்வதேச ரக்பியின் தாக்குதல் முறையில் பாதி இந்த ஓட்டத்தின் மேல்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

மைதானத்தின் அகலம் அதிகபட்சம் 70 மீட்டர். 15 பேரில் இரண்டு மூன்று பேர் உதைகளை எதிர்கொள்ளப் பின்னால் நிற்க, மற்றவர்கள் சுவர்போல ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ரக்கிலிருந்து, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்றபடி முட்டித் தள்ளும் குவியலிலிருந்து, பந்து வெளியே வந்ததுமே வரிசை முழுவதும் முன்னோக்கிப் பாய்கிறது. இதற்குப் 'பாய்தடுப்பு' என்று முன்பே முடிவு செய்தோம். தென்னாப்பிரிக்கா இதைக் கையாண்ட விதத்துக்கு 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியே சாட்சி. யோகோஹாமாவில் 32–12 என்று தோற்ற இங்கிலாந்தால் ஒரு ட்ரைகூட (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) எடுக்க முடியவில்லை. 12 புள்ளிகளும் பெனால்டி உதைகளில் வந்தவை. பந்தை விடாமல் வைத்திருந்தால் சுவர் தானாக விரிசல் விடும் என்பதும் உறுதியில்லை. 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அயர்லாந்து கடைசியாக 37 கட்டங்கள் (ஒரு ரக்கிலிருந்து அடுத்தது வரை ஒரு கட்டம்) பந்தைக் காத்துத் தாக்கியது. சுவர் அசையவில்லை. நியூசிலாந்தின் சாம் வைட்லாக் ரக்கில் பந்தின்மேல் கைவைத்துப் பெனால்டியை வென்றார். 28–24 என்று நியூசிலாந்து வென்றது.

இத்தகைய சுவருக்கு எதிராக ஒரு வழி, அதன் பின்புறத்துக்கு உதைப்பது. அதே 2019 இறுதியில் தென்னாப்பிரிக்காவின் மபிம்பி தடுப்பு வரிசையைத் தாண்டி உதைத்தார்; சக ஆட்டக்காரர் லுகான்யோ ஆம் பந்தை எடுத்து அவருக்கே திருப்பிக் கொடுக்க, உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளில் தென்னாப்பிரிக்காவின் முதல் ட்ரை பிறந்தது. 2023-இன் மற்றொரு காலிறுதியில் பிரான்சுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரீல் தரையோடு உருட்டிய பந்தைச் செஸ்லின் கோல்பி துரத்திப் பிடித்து ட்ரை எடுத்தார். உதை வகைகளுக்கான சொற்களைப் பிறகு பார்ப்போம்; அவற்றில் சிக்கல் குறைவு.

மற்றொரு வழி, சுவரில் நிற்கும் ஒருவரை அரை நொடி தவறான ஆளைப் பார்க்கவைப்பது. அதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ரக்கிலிருந்து வரும் பந்தை, மூன்று முன்கள ஆட்டக்காரர்கள் கொண்ட கொத்தில் நடுவில் இருப்பவர் ஓடிக்கொண்டே வாங்குகிறார். இரு கைகளாலும் மார்புக்கு முன்னே ஏந்தியிருக்கிறார். அவரே மோதலாம். பக்கத்தில் ஓடுபவருக்குச் சிறு தட்டலில் கொடுக்கலாம். இடுப்பைத் திருப்பி, அந்தப் பக்கத்து ஆளின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பத்தாம் எண் ஆட்டக்காரருக்கு அனுப்பலாம். மூன்றுக்கும் கையின் நிலை ஒன்றுதான். எதிரே பாய்ந்து வரும் தடுப்பாளர் தன்னை நோக்கி வேகமாக வரும் பக்கத்து ஆளைப் பார்த்துத் தோளைத் திருப்பினால் போதும், கதை முடிந்தது. பந்து பின்னால் போய்விட்டது. அவரால் இனி வெளிப்பக்கம் திரும்பி ஓட முடியாது. பாய்தடுப்பின் வேகமே அதற்குப் பகையாகும் இடம் இது. 2023-இல் ஓய்வு பெற்ற அயர்லாந்தின் ஜானி செக்ஸ்டன் ஆடிய காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போவார்: பந்தைக் கொடுத்துவிட்டு, வாங்கியவரின் பின்னால் சுற்றி ஓடி, அதே பந்தை மறுபடி வாங்குவார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஆட்டம்.

இனி சொல். நண்பர் ஒருவர் 'போக்குக்காட்டி' என்றார். அருமையான வழக்குத்தான். ஆனால் காவல்துறைக்குப் போக்குக் காட்டியவன் என்று எழுதும்போது பிடிபடாமல் நழுவியவனையே சொல்கிறோம். ரக்பியில் நழுவுபவர் பந்து வைத்திருப்பவர். காலை மாற்றிவைத்துத் தடுப்பாளரைத் தாண்டுகிறாரே, அந்த வித்தைக்கு 'போக்கு' என்ற சொல்லைச் சேமித்து வைப்போம். சங்கப் பாடல்களில் வேடர் கட்டிவைக்கும் 'பார்வை' விலங்கையும் ஒருவர் நினைவூட்டினார். வேறு மான்களை இழுக்கக் கட்டிவைத்த மான் அது. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 'பார்வையோட்டம்' என்று இன்று எழுதினால் கண்பார்வை என்றுதான் படிப்பார்கள். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

என் முன்மொழிவு 'பராக்கு'. குழந்தைக்குப் பராக்குக் காட்டிச் சோறூட்டுகிறோம். சாலையில் பராக்குப் பார்க்காதே என்று அதட்டுகிறோம். ஒரே சொல், இரண்டு வினைகள். இந்த ஆட்டத்தில் நடப்பதும் அந்த இரண்டுதான்: தாக்கும் அணி பராக்குக் காட்டுகிறது, தடுப்பாளர் பராக்குப் பார்த்துவிடுகிறார். தொடுதலும் இல்லை, மறைத்தலும் இல்லை. கவனம் மட்டுமே களவுபோகிறது. விதியோடு முரண்படாத சொல். ஓட்டத்துக்குப் 'பராக்கோட்டம்' என்று வைக்கலாமா?

அன்புடன்.

* * *

அன்புத் தம்பிக்கு,

மறைப்போட்டத்தைக் கைவிட்டேன். விதியைச் சொன்னபிறகு அதைத் தூக்கிப் பிடிப்பதில் பொருளில்லை. பராக்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் 'பிராக்கு'. வேலையை விட்டுவிட்டுப் பிராக்குப் பார்ப்பவனைத் திட்டாத தாய் இல்லை. ஆகவே கடலின் இரு கரையிலும் சொல் செல்லும். 'பேய்க்காட்டுதல்' என்றும் எங்களிடம் ஒரு சொல் உண்டு. அதில் வஞ்சகத்தின் வாடை இருப்பதால் நேர்மையான ஆட்டத்துக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

ஒரு தடை மட்டும் உண்டு. எல்லாப் பராக்கும் ஓட்டமா? 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஆக்லாந்து, எதிரணி பிரான்ஸ். நியூசிலாந்தின் லைன் அவுட், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது. பந்து வரிசையின் பின்பகுதிக்கு எறியப்பட்டது. மேலே தூக்கப்பட்ட ஜெரோம் கைனோ அதைப் பிடித்துக் கீழே நழுவவிட்டார். நடுவில் திறந்த இடைவெளியில் டோனி வுட்காக் புகுந்து ட்ரை எடுத்தார். 8–7 என்று முடிந்த ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு அது ஒன்றே ட்ரை. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் கண்ணை இழுத்தது ஓட்டமன்று. வரிசை இடம்மாறி நின்ற விதமும் தாவிய விதமுமே. அதற்கு என்ன பெயர் சொல்வாய்?

* * *

ஐயா,

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாகப் பிரித்துவிடலாம். ஓட்டம், தாவல், நிற்கும் இடம் எதுவானாலும் எதிரணியின் கண்ணைத் திருப்பும் முழு உத்திக்கும் 'பராக்காட்டம்'. வுட்காக்கின் ட்ரை அதில் சேரும். அதன் ஒரு வகையாக, பந்தில்லாமல் ஓடுபவரின் ஓட்டத்துக்கு மட்டும் 'பராக்கோட்டம்'. ஓடுபவர் 'பராக்கோட்டக்காரர்', நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் 'பராக்காளர்' என்று சுருக்கினால் பராக்குப் பார்ப்பவர் என்று பொருள் புரளும்.

50:22 விதி 2021-இல் உலகளாவிய சோதனைக்கு வந்தபின் இந்தச் சொற்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. தன் பாதியிலிருந்து உதைத்த பந்து, மைதானத்துக்குள் தரையில் பட்டபின் எதிரணியின் 22 மீட்டர் பகுதியில் பக்கக் கோட்டைத் தாண்டினால் லைன் அவுட்டில் உதைத்த அணிக்கே எறிதல் கிடைக்கும். அதற்கு அஞ்சி இன்னும் ஒருவரைப் பின்னுக்கு அனுப்பினால் முன்சுவரில் ஓர் ஆள் குறைகிறார். ஒரு பராக்கோட்டமே அங்கே இரு தடுப்பாளர்களைக் குழப்பப் போதும்.

நம் கலைச்சொற் பட்டியலில் ஏற்றும்முன் வர்ணனையில் நிற்கிறதா என்று சொல்லிப் பார்த்தேன்: "உள்ளே பராக்கோட்டம், பந்து பின்னால் பத்தாம் எண்ணுக்கு, பதின்மூன்றாம் எண் பராக்குப் பார்த்துவிட்டார், வெளிப்பக்கம் திறந்து கிடக்கிறது!" மூச்சு முட்டாமல் வருகிறது. மறுப்பு இல்லையென்றால் இவ்வாரமே ஏற்றிவிடுகிறேன். அடுத்ததாக, பக்கத்து ஆளுக்குத் தட்டிவிடும் அந்தக் குறும்பாஸுக்கு உங்கள் யோசனையை எழுதுங்கள்.