ஒலிம்பியாகோஸ் கப்பு அடிச்சது லக்குதானா?

குளச்சல்_10:
மக்களே, கிரீஸ் கிளப் ஒலிம்பியாகோஸ் கப்பு அடிச்ச 2024 ஐரோப்பிய கான்பரன்ஸ் லீக் ஃபுட்பால்ல ஃபைனல் மட்டும்தான் ராத்திரி 12.30க்கு முழிச்சிருந்து பாத்தேன், அதுக்கு முந்தின ரவுண்டு ஒண்ணும் பாக்கல. எங்க டீம்ல ஒருத்தன் "ஏதென்ஸ்ல ஃபைனல், சொந்த ஊரு மாதிரி, லக்குல அடிச்சிட்டான்"னு சாதிக்கான். முழுசா பாத்தவங்க சொல்லுங்க.

தூத்தூர்_டிஃபென்ஸ்:
ஏதென்ஸ்தான், ஆனா அது ஏஇகேன்னு இன்னொரு கிளப்போட கிரவுண்டு மக்கா, பரம எதிரியோட இடம். லக்குன்னு சொன்னவன்கிட்ட ரவுண்ட் ஆஃப் 16 பாக்கச் சொல்லு. இஸ்ரேல் கிளப் மக்காபி டெல் அவிவ் கூட சொந்த கிரவுண்டுல 1-4 தோத்தானுவ, எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னு எழுதிட்டான். இஸ்ரேல்ல போர்ங்கிறதால ரெண்டாவது மேட்ச் செர்பியாவுல, 90 நிமிஷத்துல 4-1 ஆக்கி மொத்தக் கணக்குல 5-5, எக்ஸ்ட்ரா டைம்ல இன்னும் ரெண்டு போட்டு 6-1! கோச் மெண்டிலிபார் பிப்ரவரிலதான் வந்தாரு, அந்த சீசன்ல மூணாவது கோச் அவரு. 2023ல செவில்லாவுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் குடுத்த மனுஷன். பந்த பின்னாலயே தட்டிட்டு நிக்க விடமாட்டாரு, ஏறிப் போய் பிரஸ் பண்ணு, சைடுல இருந்து கிராஸ் போடு, அவ்வளவுதான்.

வள்ளவிளை_கீப்பர்:
கீப்பர விட்டுட்டீங்களே. காலிறுதில துருக்கி டீம் ஃபெனர்பாச்சே கூட சொந்த கிரவுண்டுல 3-2, இஸ்தான்புல்ல 0-1, ஷூட்அவுட் போச்சு. சோலாகிஸ் 21 வயசுப் பையன், அந்தக் கூட்டத்து சத்தத்துல மூணு பெனால்டி புடிச்சான். நானும் கோல்கீப்பர்தான், அது எவ்வளவு பெரிய காரியம்னு நமக்குத் தெரியும்.

முட்டம்_ஸ்டிரைக்கர்:
ஸ்டிரைக்கர் எல் காபி பேரு இல்லாம இந்தப் பேச்சே கிடையாது. செமில இங்கிலாந்து டீம் ஆஸ்டன் வில்லாவ அவங்க கிரவுண்டுலயே 4-2, அதுல மூணு இவன், சொந்த கிரவுண்டுல 2-0, ரெண்டும் இவன். நாக்அவுட்ல மட்டும் மொத்தம் 11 கோல். ஃபைனல்ல 116ஆவது நிமிஷம் ஹெஸ்ஸே இடது பக்கத்துல இருந்து வளைச்சு விட்டான், ரெண்டு டிஃபென்டருக்கு நடுவுல இவன் தலையக் குனிஞ்சு தட்டிட்டான். அப்புறம் VAR வீடியோ செக்குன்னு நிறுத்தி வச்சானுவ பாரு, எனக்கு மூச்சே நின்னு போச்சு. இத்தாலி டீம் ஃபியோரென்டினா 0, இவனுவ 1. 1971ல இன்னொரு கிரீஸ் கிளப் பனாதினாய்கோஸ் ஐரோப்பியக் கப்பு ஃபைனல்ல வெம்ப்ளில அயாக்ஸ்கிட்ட தோத்துப் போச்சு, கிரீஸ் கிளப்புக்கு முதல் ஐரோப்பிய கப்பு இதுதான்.

குளச்சல்_10:
செர்பியா மேட்ச் ஹைலைட்ஸ் இன்னைக்கே பாக்கேன் அண்ணே. வில்லா மேட்ச் முழுசா யார்கிட்டயாவது இருந்தா லிங்க் போடுங்க, ஞாயித்துக்கிழமை எங்க பயலுவளுக்குப் போட்டுக் காட்டணும்.