வெப்பம் கூடினால் உயிரினங்கள் இடம் மாறிக்கொள்ளாதா?

கேள்வி: "சூடு கூடினால் விலங்குகள் குளிர்ந்த இடத்துக்குப் போகட்டுமே, ஏன் அழிய வேண்டும்?" என்று என் மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. எதை எடுத்துக்காட்டலாம்?

பதில் 1: பவளத்தைக் காட்டுங்கள்; அது கடலில் பாறையோடு ஒட்டி வாழும் சிற்றுயிர். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பகுதி உணவை ஆக்கித் தருகிறது. கோடை உச்சத்தைவிடக் கடல்நீர் 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பாசி வெளியேறுகிறது. பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. பாறையோடு ஒட்டியது எங்கே போகும்?

பதில் 2: ஆஸ்திரேலியாவின் பிராம்பிள் கே தீவில் மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் எலியையும் சொல்லுங்கள். கடல்நீர் ஏறி ஏறிச் செடிகளை அழித்தது. 2019இல் அந்த எலியினம் அற்றுப்போனதாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

பதில் 3: நகர்பவற்றுக்கும் வழி வேண்டுமே! காட்டைத் துண்டாடிவிட்டால் அவை எப்படிக் கடக்கும்? காலநிலையையும் வாழிட இழப்பையும் தனித்தனிப் பாடமாக நடத்தாதீர்கள், ஐயா.