எஸ்கியூஎல் சர்வர் ரீஸ்டோர்: முதலில் 3201, இப்போது 3169

கேள்வி: எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) 2019இல் எடுத்த பேக்கப் ஃபைல், 40 ஜிபி. 2016 இருக்கும் டெஸ்ட் மெஷினில் ரீஸ்டோர் கொடுத்தால் எர்ரர் 3201 (பேக்கப் ஃபைலைத் திறக்க முடியவில்லை), கூடவே 'ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 5' (அனுமதி இல்லை). அட்மினாகத்தான் லாகின் செய்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைலை சி டிரைவ் பேக்கப் ஃபோல்டருக்கு மாற்றியதும் அது போய் 3169 (வெர்ஷன் பொருந்தவில்லை) வருகிறது. கம்பாட்டிபிலிட்டி லெவலை 130 (2016க்கானது) ஆக்கி மறுபடி பேக்கப் எடுத்தாலும் அதே கதை.

பதில் 1: ஃபைலைப் படிப்பது நீங்கள் இல்லை, எஸ்கியூஎல் சர்வீஸ் அக்கவுண்ட். உங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டருக்குள் அது எட்டிப்பார்க்க முடியாது, அதனால்தான் 5. 3169க்குக் குறுக்குவழியே கிடையாது. மெசேஜை முழுசாகப் படியுங்கள்: பேக்கப் வெர்ஷன் 15 (அதாவது 2019), சர்வர் 13 (2016). கம்பாட்டிபிலிட்டி லெவல் குவெரி நடத்தையை மட்டும்தான் மாற்றும், ஃபைலின் உள் அமைப்பைத் தொடாது. டெஸ்ட் மெஷினில் 2019 டெவலப்பர் எடிஷன் போடுங்கள், இலவசம்தான். 2016லேயே வேண்டுமென்றால் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸில் டேபிள் அமைப்பை மட்டும் எடுத்து, டேட்டாவை பிசிபி (மொத்தமாக டேட்டா நகலெடுக்கும் கருவி) வழியாக ஏற்றுங்கள். 40 ஜிபி டேட்டாவை ஸ்கிரிப்ட்டாக எடுத்தால் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ திணறிவிடும்.

பதில் 2: 2019 போட்ட பிறகு எர்ரர் 3154 வந்தால், அதே பெயரில் வேறு டேட்டாபேஸ் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு 'வித் ரீப்ளேஸ்' கொடுக்காதீர்கள், பழையது அழிந்துவிடும். புதுப் பெயர் கொடுத்து, 'ரீஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி' கமாண்டில் லாஜிக்கல் பெயர்களைப் பார்த்து, டேட்டா, லாக் இரண்டு ஃபைலுக்கும் புது இடம் சொல்லும் 'மூவ்' எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்: 2019இல் ஏறிவிட்டது. ஆனால் அப்ளிகேஷன் லாகின் செய்தால் எர்ரர் 4060 (டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை) என்கிறது.

பதில் 2: டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசர் அநாதையாகிவிட்டது, அதன் எஸ்ஐடி (அடையாள எண்) இந்த சர்வரின் லாகினோடு பொருந்தவில்லை. டேட்டாபேஸுக்குள் போய் 'ஆல்டர் யூசர்... வித் லாகின்' ஓட்டுங்கள்.