புதுப்பிப்பு: இரட்டை கிளிக் விழுந்த மவுஸுக்கு ஹால் சென்சார் வைத்தாயிற்று

ஒரு முறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழும் வயர் மவுஸில், மைக்ரோ சுவிட்சுக்குப் பதில் உரசும் முனையே இல்லாத சென்சார் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ஹால் சென்சார் (காந்தம் பக்கத்தில் வந்தால் உணரும் சிறு சில்லு) யோசனைதான். (ஒளியை வைத்து அழுத்தலை அறியும் ஒளி சுவிட்சுக்குத் தனியாக எல்ஈடி, மின்தடை எல்லாம் வேண்டும், பலகையில் அதற்கு இடமில்லை.) பட்டனின் அடியில் குட்டிக் காந்தம், அதற்கு நேர் கீழே சென்சார். மூன்று கால்கள்: யூஎஸ்பியின் 5 வோல்ட், கிரவுண்ட், அவுட்புட். என் மவுஸில் பழைய சுவிட்ச் செய்தது சிக்னலை கிரவுண்டுக்கு இழுப்பது மட்டுமே. சென்சாரின் ஓப்பன் டிரெயின் அவுட்புட்டும் (காந்தம் வந்தால் கிரவுண்டோடு இணைக்கும், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடும் வகை) அதையே செய்வதால் வேறெதையும் தொடவில்லை. இரட்டை கிளிக் போயே போச்சு.

வாங்கும்போது கவனம்: பேட்டரியை மிச்சப்படுத்தும் வகை, காந்தம் இருக்கிறதா என்று இடைவெளி விட்டு விட்டுத்தான் பார்க்கும், வேகமாகத் தட்டினால் சில கிளிக் காணாமல் போகும். லாட்ச் வகையும் வேண்டாம், ஒருமுறை காந்தத்தை உணர்ந்துவிட்டால், காந்தத்தின் எதிர்த் துருவம் வரும்வரை சிக்னலை விடாது.

எதிர்பாராதது ஒன்று. சுவிட்ச் இல்லாமல் அந்த 'டக்' இல்லை, விரலுக்கு ஏதோ மாதிரி இருந்தது. சரி என்று பழைய சுவிட்சையே, மின் இணைப்பை மட்டும் வெட்டிவிட்டு, அதன் இடத்தில் மறுபடி வைத்துவிட்டேன். சென்சார் அதன் பக்கத்தில்.