சுங்கை சிப்புட்டில் வாம்பயர் சர்வைவர்ஸ்: விளையாடியவர்கள் சொல்லுங்கள்

பால்மரத்தடி:

என் அப்பா மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியபோது வேலையை விட்டார், நாங்களும் லயத்தைக் காலி செய்துகொண்டு டவுன் பக்கம் தாமான் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். அவருடைய வலது மணிக்கட்டு இப்போது சரியாகத் திரும்புவதில்லை. டீக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். அவர்தான் எங்கள் வீட்டில் தினமும் மாலையில் வாம்பயர் சர்வைவர்ஸ் என்கிற கம்ப்யூட்டர் கேமை விளையாடுகிறவர். நம்ம ஊரில் இன்னும் சில பேர் இதை விளையாடுவது தெரியும். நல்லது கெட்டது இரண்டையும் அவரவர் அனுபவத்திலிருந்து சொன்னால், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும்.

நான் ஆரம்பிக்கிறேன். எனக்கு ஈப்போவில் ஃபேக்டரி வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்ட பிறகு பெரிய கேம் எதிலும் உட்கார உடம்பு இடம் கொடுக்காது. புதிதாக வருகிற பெரிய கேம்கள் இருநூறு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிடுகின்றன. வீட்டில் இருப்பது தங்கை டிப்ளோமா படிக்கும்போது வாங்கிய லேப்டாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இந்தக் கேமின் அமெரிக்க விலை 4.99 டாலர். 2021 டிசம்பரில் ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையில் சோதனைப் பதிப்பாக வந்து, 2022 அக்டோபரில் முழுதாக வெளியானது. அடுத்த வருடமே பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதில் எல்டன் ரிங், காட் ஆஃப் வார் ராக்னரோக் மாதிரி பெரிய கேம்கள் எல்லாம் இருந்த பட்டியலில் சிறந்த விளையாட்டாகத் தேர்வானது. அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

விளையாடாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வெட்டவெளி. வௌவால், எலும்புக்கூடு, ஓநாய் மனிதன் என்று நாலா பக்கமும் கூட்டம் கூட்டமாக வரும். நாம் நடந்தால் போதும். சாட்டையோ கத்தியோ தானாகவே வீசிக்கொள்ளும். செத்து விழுவது சின்னக் கல் ஒன்றை விட்டுப்போகும். அதைப் பொறுக்கினால் நிலை கூடும், ஒவ்வொரு நிலைக்கும் மூன்று நான்கு பொருள் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்று கேட்கும். ஆயுதம் ஆறு, துணைப்பொருள் ஆறு, அவ்வளவுதான் இடம். முப்பது நிமிடம் தாக்குப்பிடித்தால் ஜெயம்.

அப்பாவுக்கு இது ஒத்துவந்ததற்குக் காரணம் அந்த நடைதான். இடது கையில் நான்கு விசையும் ஸ்பேஸ் பாரும் போதும், வலது கை மடியில் சும்மா இருக்கும். கேமில் தமிழ் இல்லை. அதனால் படத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துவிட்டார். சுற்றிச் சுற்றி வருகிற வேதாகமத்துக்குச் ‘சுத்துற புத்தகம்’. பாட்டிலில் வந்து விழுகிற புனித நீருக்குத் ‘தீர்த்தம்’. பூண்டை எடுத்தால் நம்மைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, நெருங்குவதையெல்லாம் தேய்க்கும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பேய்க்கு வேப்பிலைதானே காட்டுவாங்க, பூண்டுக்குமா ஓடும்?” என்று கேட்டார்.

நான் ஆரம்பத்தில் பயந்து பயந்து ஓடிக்கொண்டே இருப்பேன், கல்லெல்லாம் பின்னாலேயே கிடக்கும். பத்து நிமிடத்துக்குள் செத்துவிடுவேன். அப்பா ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெட்டிப்புட்டுப் பால் எடுக்காம வந்தா யாருடா சம்பளம் குடுப்பா?” அவர் ஓடுவதே இல்லை. நிரை பிடித்து நடந்த கால் அது. பெரிய வட்டமாக ஒரு சுற்றுப் போய், அடித்துப் போட்டதையெல்லாம் திரும்பி வரும்போது அள்ளிக்கொண்டு வருவார். கூட்டத்தில் எந்தப் பக்கம் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கிறது என்று அவர் கண் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். இந்தக் கேமில் திறமைக்கு வேலை இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த நடையைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. இருபது நிமிடத்தைத் தாண்டி நல்ல ஆயுதங்கள் சேர்ந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நின்ற இடத்தில் நின்றாலே திரையில் உள்ளதெல்லாம் செத்துக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிடம் எனக்கு உண்மையிலேயே சலிப்பாக இருக்கிறது. அப்புறம், எந்த ஆயுதத்தோடு எந்தத் துணைப்பொருள் சேர்ந்தால் அது உருமாறும் என்பதை ஆரம்பத்தில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சாட்டையை எட்டாம் நிலைக்குக் கொண்டுபோய், வெற்று இதயம் என்கிற பொருளும் கையில் இருந்து, பத்து நிமிடத்துக்குப் பிறகு பெரிய எதிரி போடுகிற பெட்டியைத் திறந்தால்தான் அது ரத்தம் உறிஞ்சும் சாட்டையாகும். நூலக மேடையில் ஒரு நினைவுப்பொருளை எடுத்த பிறகே அந்தப் பட்டியல் கண்ணுக்குத் தெரியும். அதுவரை நான் குருட்டாம்போக்கில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

செம்பனைச் சாலை:

எங்கள் வீட்டில் இருப்பது நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற கேம் கருவி. 2023 ஆகஸ்டில் இது ஸ்விட்சுக்கு வந்தபோது ஒரே திரையில் நான்கு பேர் வரை விளையாடும் வசதியும் சேர்ந்து வந்தது. போன தீபாவளிக்குச் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். மழை விடவே இல்லை, பட்டாசும் நனைந்துவிட்டது. மத்தியானம் தொடங்கியவர்கள் முறுக்குத் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

நான்கு பேருக்கும் கேமரா ஒன்றுதான். ஒருவன் மேலே போகிறான், இன்னொருவன் கீழே இழுக்கிறான், நடுவில் மாட்டியவனைக் கூட்டம் மொய்த்துவிடுகிறது. கல் எல்லோருக்கும் பொது, நிலை கூடும்போது பொருள் எடுப்பது முறைவைத்து வரும். பெட்டி மட்டும் யார் தொடுகிறார்களோ அவர்களுக்கு. கடைக்குட்டிக்கு ஏழு வயது. அவள் பெட்டியைக் கண்டால் போதும், கூட்டத்துக்குள் பாய்ந்துவிடுவாள். முதல் இரண்டு ஆட்டத்தில் சண்டை. மூன்றாவது ஆட்டத்தில் பெரியவன், “பாப்பா பெட்டி எடுக்கட்டும், நாம அவளைச் சுத்தி நிப்போம்” என்று சொன்னான். அதற்குப் பிறகுதான் முப்பது நிமிடத்தைத் தொட்டோம். நான்கு பேரின் ஆயுதமும் சேர்ந்து வெடிக்கும்போது நம் ஆள் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது என்பது பெரிய குறை. இருந்தாலும், உறவுக்காரப் பிள்ளைகள் நான்கு பேர் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடக்காமல் ஒரே திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

மூன்றாம் வீட்டு அக்கா:

நான் விளையாடுகிறவள் இல்லை, ஐந்தாம் படிவத்தில் படிக்கிற பையனின் அம்மா. சொல்ல வேண்டியது இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் போனில் இதே மாதிரி கூட்டத்தை அடிக்கிற இன்னொரு கேம் விளையாடினான். அதில் சக்தி தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், நல்ல கவசம் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். என் இ-வாலட்டிலிருந்து பத்து, இருபது என்று நூற்றெண்பது வெள்ளி போயிருந்தது. வாங்கின சம்பளத்தைப் பிரித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். அடிக்கவில்லை, ஆனால் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் மாமாதான் வாம்பயர் சர்வைவர்ஸைப் போட்டுக்கொடுத்தார். போனில் அது 2022 டிசம்பரிலிருந்தே இலவசம். விளம்பரமும் நாமாக விரும்பினால்தான், செத்த பிறகு ஒரு தடவை எழுந்திருக்கவோ கடைசியில் தங்கக்காசு கூட்டிக்கொள்ளவோ. அதற்குப் பிறகு என் வாலட்டிலிருந்து ஒரு காசு போகவில்லை. அதற்காக அந்தக் கேமைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

என் கவலை நேரத்தைப் பற்றித்தான். அரை மணி நேரம்தானே அம்மா என்பான். அது முடிந்ததும் சேர்ந்த காசில் பலத்தைக் கூட்டுவான், புது ஆள் ஒருவன் திறந்திருப்பான், அவனையும் ஒரு தடவை பார்க்கிறேன் என்பான். அரை மணி இரண்டரை மணியாகிவிடும். இந்த வருடக் கடைசியில் எஸ்.பி.எம். பரீட்சை. இப்போது வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பள்ளிவாசலில் ராத்திரி பாங்கு சொன்னதும் போன் அலமாரிக்குள் போய்விடும். நடுவில் நிற்கிற ஆட்டம் போனால் போகட்டும்.

பால்மரத்தடி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அந்த ‘இன்னொரு தடவை’ தற்செயலாக வந்ததில்லை. இதை உருவாக்கிய லூக்கா கலான்டே இத்தாலிக்காரர், இங்கிலாந்தில் இருந்து செய்தார், அதற்கு முன்னால் சூதாட்ட மென்பொருள் துறையில் வேலை பார்த்தவர். ஆண்ட்ராய்டில் மேஜிக் சர்வைவல் என்று ஒரு கொரிய கேம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பெட்டி திறக்கிற காட்சியைக் கவனியுங்கள். வண்ணக் கதிர்கள் சுற்றும், இசை ஏறும், காசு கொட்டும், ஒரு பொருளா மூன்றா ஐந்தா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது ஜாக்பாட் மெஷின் காட்சிதான்.

எங்கள் பெரிய மாமா ஜாக்பாட் மெஷினில் வீட்டுப் பத்திரம்வரை வைத்தவர். நாலு நம்பர் லாட்டரி எடுக்காத வாரமே இல்லாத தெருவில் நான் வளர்ந்தேன். அதனால் முதல் தடவை அந்தப் பெட்டி திறந்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாவும் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினோம். இங்கே பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு வழியே இல்லை, உள்ளே கிடைக்கிற காசால் வாங்கிய பலத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்கிக்கொள்ளலாம். அந்த வித்தை தெரிந்த ஒருவர், பையை அவிழ்க்கச் சொல்லாமல் அதை வைத்திருக்கிறார். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒளியும் ஓசையும் பழக்கமாவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் காட்சியைத் தாண்டிவிடலாம். தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், அக்கா. எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் தாண்டிவிடுவார்.

காராய் ரோட்டுக்காரன்:

ஒற்றைத் தலைவலி இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபதாவது நிமிடத்தில் திரை மின்னுகிற மின்னலில் எனக்கு வாந்தியே வந்துவிட்டது. அமைப்புகளுக்குள் போனால் பளிச்சிடுவதை நிறுத்தலாம், அடி விழுகிற எண்களையும் மறைக்கலாம். இரண்டையும் நிறுத்திய பிறகு ஓரளவு விளையாட முடிகிறது. இது முதல் திரையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பழைய கம்ப்யூட்டரில் கடைசி நிமிடங்களில் இழுத்துக்கொண்டு நின்ற பிரச்சினையும் எனக்கு இருந்தது. முதலில் இதை உலாவிக்கான நிரல்களை வைத்துக் கட்டியிருந்தார்கள். 2023இல் யூனிட்டி என்கிற கேம் செய்யும் மென்பொருளுக்கு மாற்றிய பிறகு அது போய்விட்டது.

மழைச்சாரல்:

சலிப்பு என்று எழுதிய அண்ணனுக்கு: பின்னால் ‘அவசர’ முறை ஒன்று திறக்கும். கடிகாரம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும், முப்பது நிமிடம் பதினைந்தில் முடிந்துவிடும். நான் அதில்தான் விளையாடுகிறேன்.

அதுவும் போதாதென்றால் புரோட்டாட்டோ என்கிற இன்னொரு கேமைப் பாருங்கள். ஆறு ஆயுதம் பிடித்த ஓர் உருளைக்கிழங்கு. எதிரிகள் இருபது அலையாக வருவார்கள். முதல் அலை 20 விநாடி, கடைசி அலை 90 விநாடி. ஒவ்வொரு அலைக்கும் நடுவில் கடை திறக்கும், எதை வாங்குவது, எதை விற்பது, எதைப் பூட்டி வைப்பது என்று கணக்குப் போட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் எனக்குக் கிராணி (எழுத்தர்) வேலை, மழைக்கு வெளிவேலை நின்ற நேரத்தில் ஓர் ஆட்டத்தை எங்கு வேண்டுமானாலும் நிறுத்த முடிகிறது. கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற அந்தப் பிரம்மாண்டம் அதில் இல்லை. அது வேண்டுமென்றால் வாம்பயர்தான்.

பால்மரத்தடி:

நன்றி தங்கச்சி. அவசர முறையை அப்பாவிடம் காட்டினேன், வேண்டாம் என்றார். அவருக்கு அந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான் பிடிக்குமாம். நான் சலிப்பு என்று எழுதிய அதே பத்து நிமிடம். “அலைஞ்சது போதும்னு நிக்கிற நேரம்டா அது” என்றார்.

நேற்று அவர் கையில் சுத்துற புத்தகம் உருமாறியிருந்தது. எழுத்துக்கட்டு என்கிற துணைப்பொருளோடு சேர்ந்தால் புத்தகங்கள் இடைவெளி இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் எதுவும் வர முடியாது. கூடவே தீர்த்தமும் சாட்டையும். பூண்டை அவர் இப்போது எடுப்பதில்லை, கடைசியில் அது கை கொடுக்காது என்று கண்டுகொண்டார். முப்பதாவது நிமிடம் திரை காலியானது, எமன் வந்தான். அவனை அடிக்கச் சாதாரணமாக யாராலும் ஆகாது, அந்த நிமிடத்தைத் தொட்டதே ஜெயம்தான். அப்பா ஓடவில்லை. அவன் வந்து தொடும்வரை நின்றிருந்துவிட்டு, கையை விசையிலிருந்து எடுத்து, அம்மாவிடம் டீ கேட்டார்.

செம்பனைச் சாலை தம்பி, நீங்கள் சொன்ன நான்கு பேர் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. இந்தச் சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை. ஸ்விட்சைக் கொண்டுவர முடியுமா? பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெட்டியை அவளே எடுக்கட்டும்.